இரண்டு சாப்பாடு, ஒரு தூக்கம்

விமான டிக்கெட் போடும் எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கிலோமீட்டர்’. எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே தூரத்தையும் நேரத்தையும் ஒப்பிப்பார். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை, அது வேறு கதை.

வயதானவர்கள் வந்தால் மணிக்கணக்கு சொல்ல மாட்டார், சாப்பாட்டுக் கணக்கு சொல்வார். நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

அவருடைய அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு வர முடியாது. பதினோரு வருடமாகப் பார்க்காத மகளை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவர்கள் அம்மாவின் ஒரே ஆசை.

“ரெண்டு நாள் முழுசா பறக்கணும்மா. உன் முட்டி தாங்காது” என்று வாயை அடைத்து வைத்திருந்தார் இவர். அக்கா போனில் வேறு கணக்கு சொன்னால், “அவளா டிக்கெட் போடுறா, நான்தானே போடுறேன்?” என்பார்.

முட்டி வெறும் சாக்கு. கிலோமீட்டரும் அவர் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மா போய்விட்டால் அடுப்பை யார் பார்ப்பது, குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது? என்னிடம் அவரே சொன்னதுதான். அந்த அம்மா ஒருநாள் என்னிடம், “நிஜமாவே ரெண்டு நாளாப்பா?” என்று கேட்டபோது, நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இன்னொரு நாள் கிலோமீட்டர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். மதியம் அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து, எதிரே ஆள் இருக்கிறாரே என்று கதவோரம் உட்கார்ந்தார். எதிரே இருந்தது ஒரு வயதான பெண்மணி. போக வேண்டியதும் அக்கா இருக்கும் அதே ஊர். நான் இருமினேன், கண்ணைக் காட்டினேன். கண்ணாடி இல்லாத மனுஷனுக்கு என்ன தெரியும்?

“பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். அதெல்லாம் நமக்கெதுக்கும்மா? ரெண்டு சாப்பாடு, ஒரு தூக்கம். கண்ண முழிச்சா உங்க பொண்ணு நிப்பா.”

“முட்டி வலி இருக்கே தம்பி?”

“சக்கர நாற்காலிக்கு சொல்லிடுறேன். முட்டி வலியோட தினம் நாலு பேர் போறாங்கம்மா.”

அந்தப் பெண்மணி எழுந்து போனதும் அம்மா அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணாடியை நீட்டினார். மாட்டிக்கொண்டு பார்த்தவருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அந்தம்மா போறது அக்கா இருக்கிற ஊர்தானேப்பா?”

கிலோமீட்டர் தலையாட்டினார்.

“இன்னைக்கே டிக்கெட் போட்டுடுறேம்மா...”

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். பாப்பா தனியா நிப்பா.”

போய்விட்டார். அடுத்து வந்தவர் ஏதோ ஓர் ஊரைச் சொல்லி, எவ்வளவு தூரம் சார் என்று கேட்டார். கிலோமீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்து நான்தான் சொன்னேன்.