போறேனா, வாரேனா

அல்போன்சா அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வசனம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? முதுகுக்குப் பின்னால் ஒற்றைச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் திரை. இந்தக் காலத்தில் பாதிப் பேர் ஃபோனிலேயே சீட்டுப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காட்சி தொடங்கிவிட்டால் அவளுக்குப் பெரிதாக வேலை கிடையாது. சும்மா இருக்கிற காதில் எல்லாம் வந்து விழுகிறது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பனிக்காற்று ஊளையிடத் தொடங்கும். கவுண்டர் கண்ணாடிகூட லேசாக அதிரும். "டேவிட்டு! டேவிட்டு!" என்று நாலைந்து பேர் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள். தூரத்தில் இருந்து ஓர் ஆம்பிளைக் குரல், "வாரேன்" என்று சொல்லும். அல்போன்சா அந்த இடத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். நடித்தவன் எந்த ஊர்க்காரனோ, குரல் கொடுத்தவன் எவனோ. சுவரைத் தாண்டி வரும்போது மட்டும் அது அச்சு அசலாக அவள் புருஷன் ஆனந்த்ராஜின் குரலாகத்தான் வருகிறது. நாலு காட்சிக்கு நாலு தடவை வருகிறது.

பின்னே, படத்தில் வருகிற டேவிட் யார் என்று நினைத்தீர்கள்? ஆனந்த்ராஜேதான்.

திண்டுக்கல்லில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் ஆனந்த்ராஜ். கோயம்புத்தூரில் இருந்து அறிவுச்செல்வி என்று ஒரு எழுத்தாளர், தோழர்களைச் சேர்த்துக்கொண்டு இமயமலைக்கு வேனிலேயே போய்வரத் திட்டம் போட்டார். வண்டியும் ஓட்ட வேண்டும், வழியில் நம்மூர்ச் சாப்பாடும் பொங்கிப்போட வேண்டும், அப்படி ஒரு ஆள் தேவை என்று தேடியபோது யாரோ இவனைக் கைகாட்டிவிட்டார்கள். போனவர்களில் அவனைத் தவிர எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஒரு கணவாயில் பனி மூடி வேன் சிக்கிக்கொண்டதாம். இவன் இறங்கிப் போனவன் போனவன்தானாம். உடம்பும் கிடைக்கவில்லை. பனி உருகினால் தெரியும் என்றது போலீஸ். பனி உருகியது, ஒன்றும் தெரியவில்லை. அவன் தம்பி ஜெரோம் அம்புட்டு தூரம் போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். எழுத்தாளர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவனாலும் அவரைப் பார்க்க முடியவில்லை, அல்போன்சாவும் பார்த்ததில்லை.

போகிற அன்றைக்குக் காலையில் வீட்டில் சண்டை. புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் நடக்கிற சண்டைதான், அதிசயம் ஒன்றும் இல்லை. "ஒரே ஒரு தடவ அந்தப் பனியக் கண்ணால பாத்துட்டு வந்துர்றேன் புள்ள" என்று அவன் கெஞ்ச, இவளுக்கு எரிச்சல் தலைக்கேறி, "போங்க, போயி அங்கனயே கெடங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் மிக்சியைப் போட்டுவிட்டாள். மிக்சி நின்றபோது வாசலில் அவன் இல்லை. படி இறங்கும்போது "வாரேன்" என்று ஒரு குரல் கொடுப்பது அவன் வழக்கம். கடைக்குப் போனாலும் சரி, கன்னியாகுமரிக்குப் போனாலும் சரி. அன்றைக்குக் கொடுத்தானா இல்லையா என்பது அந்த மிக்சிக்குத்தான் வெளிச்சம். இன்றைக்கும் அவள் சட்னி அரைக்கும்போது பொசுக்கென்று சுவிட்சை அணைத்துவிட்டு வாசல் பக்கம் காது கொடுத்து நிற்பாள். ஒரு சத்தமும் இருக்காது. மறுபடி அரைப்பாள்.

இந்த லட்சணத்தில் அறிவுச்செல்வி ஒரு நாவல் எழுதினார். பெயர் 'வெண்கணவாய்'. சாகசப் பயண நாவலாம். ஆனந்த்ராஜை டேவிட் ஆக்கி, 'நான் வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தவன் மேடம்' என்று அவன் வழியில் சொன்னதையும் சேர்த்து, கடைசியில் இப்படி எழுதிவிட்டார்: 'போறேன், என்றான் டேவிட். திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் நடந்தான்.'

போறேன்! சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் வாசல்படியில் நின்று எவனாவது அந்தச் சொல்லைச் சொல்லுவானா? போயிட்டு வாரேன் என்பான், இல்லாவிட்டால் மொட்டையாக வாரேன் என்பான். அல்போன்சா அந்தப் பக்கத்தை மட்டும் படித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு, சேசு, மரி, சூசை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் போ என்றதற்கு அவர் போறேன் என்று பதில் சொல்லிவிட்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அதோடு விட்டதா? நாவல் படித்தவர்கள் கருத்துச் சொல்லக் கிளம்பினார்கள். இந்தக் கருத்துச் சொல்கிற ஜனங்கள் இருக்கிறார்களே, அடுத்தவன் வீட்டு இழவில் உட்கார்ந்து காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று சொல்கிற சாதி. தியேட்டர் கேன்டீனில் வேலை பார்க்கும் பர்ஹானா, தபாலில் பி.ஏ. படிக்கிறவள், அதையெல்லாம் ஃபோனில் தேடித் தேடி வாசித்துக் காட்டுவாள். அல்போன்சாதான் வாசிக்கச் சொல்வாள். பர்ஹானா வேண்டாம் என்றாலும் விடமாட்டாள்.

"அக்கா, இதக் கேளுங்க. 'எந்தத் தமிழன் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புவான்? திரும்பி வர்ற எண்ணமே இல்லாதவன்தான் சொல்லுவான். அந்த ஒத்தச் சொல்லுல நாவல் எங்கயோ போயிருச்சு.' அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான்."

"அடுத்தது?"

"அது வேணாங்கா."

"வாசிடி."

"'டேவிட் பொண்டாட்டிக்குப் பயந்து ஓடிட்டான், இது புரியாம எல்லாரும் அழுதுகிட்டு இருக்கீங்க'ன்னு போட்டு, சிரிக்கிற மாதிரி பொம்மை வெச்சிருக்கான்."

அல்போன்சாவின் முகம் செத்துப்போகும். "அந்த டீக்கட ஆளு போட்டத வாசி" என்பாள். அது யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது. 'டேவிட் சாகவில்லை. நேபாள எல்லையில் ஒரு டீக்கடை வைத்து உட்கார்ந்திருப்பான் என்று நான் நம்புகிறேன்.' பர்ஹானா அதை எத்தனையோ தடவை வாசித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அல்போன்சா புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

செத்தவர்களை நினைத்துக் கும்பிடுகிற கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் முத்தழகுபட்டியில் இருந்து ஜெரோம் வந்து நிற்பான். "மதினி, அண்ணனுக்கு ஆன்ம இளைப்பாத்தி பூச ஒண்ணு வெச்சுருவோம். இல்லாட்டி ஆன்மா அது பாட்டுக்கு அலைஞ்சுகிட்டு கெடக்கும்" என்பான்.

"ஓடிப்போனவருக்கு எதுக்குத் தம்பி இளைப்பாத்தி? ஒலகமே படிச்ச புஸ்தகத்துல போட்டிருக்குல்ல, போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாருன்னு."

வெட்கக்கேடுதான். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பிடிவாதம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் முதுகைக் காட்டி நிற்கிற ஆம்பிளைகளை எல்லாம் உற்று உற்றுப் பார்ப்பாள். ஒரு தடவை, தோள்பட்டை அதேபோல இருந்த ஒருத்தன் பின்னாலேயே போய்ச் சிறுமலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்றான். ஒன்றும் இல்லை என்று இறங்கி, மத்தியானக் காட்சிக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது அந்த நாவலே படமாக வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. படத்தில் டேவிட் "வாரேன்" என்கிறான். கடைசியில் பட்டாளத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தும் விடுகிறான். தியேட்டரே எழுந்து நின்று விசில் அடிக்கிறது. அல்போன்சா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த விசிலைக் கேட்கிறாள். காட்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் கவுண்டருக்கு முன்னாலேயே நின்று கச்சை கட்டுகிறார்கள். புக்கைக் கொலை பண்ணிட்டான்யா, சுபம் போடணும்னே எடுத்திருக்கான் என்று ஒரு கட்சி. போய்யா, அந்த மனுசன் வந்தப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு என்று இன்னொரு கட்சி. அல்போன்சாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் உண்மையில் என்ன சொன்னார்? போறேனா, வாரேனா? என்னை உதறிவிட்டுப் போனாரா, இல்லையா?

புத்தகத் திருவிழாவில் 'நாவலும் படமும்: வாசகர் பார்வை' என்று ஒரு கூட்டம், அறிவுச்செல்வியே வருகிறார் என்று பர்ஹானா வந்து சொன்னதும் அல்போன்சா மேனேஜரிடம் லீவு கேட்டுவிட்டாள். பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் போய் நடு வரிசையில் உட்கார்ந்தாள். பர்ஹானா பக்கத்தில்.

"நீங்க யாருன்னு சொல்லிருங்கக்கா. அப்பத்தான் மரியாதையாப் பதில் சொல்லுவாங்க."

"வேணாம்டி. யாரோ கேக்குற மாதிரி கேட்டுட்டு எந்திரிச்சு வந்துருவோம்."

கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் எழுந்து மைக்கை வாங்கிவிட்டான். "மேடம், புக்ல போறேன், படத்துல வாரேன். எது கரெக்ட்?"

அறிவுச்செல்வி சிரித்தார். நல்ல மாதிரியான முகம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. "நல்ல கேள்வி. நிஜத்துல அவர் சொன்னது படத்துல இருக்கற சொல்தான்ங்க. டிரைவர் வழி பாக்கறதுக்காக இறங்கினார். ஒரே பனிமூட்டம். ஆளைக் காணோம்னு நாங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். 'வாரேன்'னு குரல் வந்தது. சரி, வந்துட்டு இருக்கார்னு நாங்க வண்டிக்குள்ளயே உட்கார்ந்துட்டோம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான், அட, அது வந்துட்டு இருக்கேன்ங்கற வாரேன் இல்லை, உதவி தேடிப் போயிட்டு வாரேன்னு விடை சொன்ன வாரேன்னு உறைச்சுது. அதை அப்படியே எழுதினேன். கைப்பிரதி படிச்ச நண்பர்கள் எல்லாரும், யாரு வர்றா, எங்க வர்றான்னு குழம்பிட்டாங்க. அதனால போறேன்னு மாத்திட்டேன். வாசகருக்குத் தெளிவா இருக்கணும் இல்லைங்களா?"

கூட்டம் கை தட்டியது. அல்போன்சா பர்ஹானாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. கண்ணில் நீர் கரகரவென்று இறங்கியது.

"வாரேன்னுதான்டி சொல்லிருக்காரு. போறேன்னு சொல்லலடி. எம்மேல கோவமே இல்லடி அவருக்கு."

"ஆமாக்கா" என்று பர்ஹானாவும் அழுதாள்.

எத்தனை வருசத்துப் பாரம்! பெண்டாட்டிக்குப் பயந்து ஓடினவன் என்று எழுதிய அத்தனை பேரையும் இழுத்துவந்து நிறுத்தி, கேட்டுக்கொள்ளுங்களடா என்று கத்தலாம்போல இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோசம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் நின்றது. வாரேன் என்றுதான் சொன்னார். சொன்னால் வந்துவிடுகிற மனுசன். வரவில்லையே. அவளுடைய கை பர்ஹானாவின் மணிக்கட்டில் இருந்து தானாக நழுவியது. முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா? என்ன செய்யிது?"

மேடையில் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த காந்திகிராமத்துப் பேராசிரியர் இவள் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பச்சைச் சேலை அம்மா அப்ப இருந்து கை தூக்கிட்டு இருந்தாங்க. மைக்க அங்க குடுங்க. சொல்லுங்கம்மா, உங்களுக்கு எது பிடிச்சது, புத்தகமா, படமா?"

மைக் கைக்கு வந்துவிட்டது. அல்போன்சா எழுந்து நின்றாள்.

"புஸ்தகந்தாங்க."

"அருமை. ஏன்னு சொல்லலாமா?"

"அதுலதான் அவரு உசுரோட இருக்காரு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியரும் அன்பாகவே சிரித்தார். "மாத்திச் சொல்றீங்கம்மா. படத்துலதான் டேவிட் உயிரோட திரும்பி வர்றாரு. புத்தகத்துல போறேன்னுட்டுப் போனவரு வரவே இல்லையே."

"ஆமாங்கய்யா. போறேன்னுட்டுப் போனவரு எங்கனயாச்சும் நல்லா இருப்பாருன்னு கெடந்தேன். எங்க வீட்டுக்காரரு வாரேன்னு சொல்லிட்டு ஒரு நாளும் வராம இருந்ததில்லைங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அறிவுச்செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். அல்போன்சா மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, பர்ஹானாவைப் பார்த்து, "வாடி, ஜெரோம் தம்பி வீட்டுக்குப் போவோம், அண்ணன் செத்துப்போச்சுன்னு சொல்லணும்" என்றாள்.