ஒறுத்தல் நாள் பலாக்காய்க் கறி

“நான் ருசியில்லாமல் சமைச்சிருந்தால் இவர் இண்டைக்கு எழும்பி நடந்திருப்பாரோ, பிள்ளை?”

யோசெப்பின் அன்ரி இதைக் கேட்டபோது நான் அவருடைய குசினியில் நின்று பலாக்காய்க் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மனுசன் அம்புறோஸ் அங்கிள் உள்ளறையில் கட்டிலில் கிடந்தார். அன்று விபூதிப் புதன், கிறிஸ்தவர்களின் தபசு காலம் தொடங்குகிற நாள். வெளியே படிக்கட்டில் பனி இறுகிக் கிடந்தது.

பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்று மாடி வீடொன்றின் கீழ்த்தட்டில் அன்ரியும் அம்புறோஸ் அங்கிளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே நாங்கள். அன்ரி தாளிக்கிற வாசம் எங்கள் குளியலறைக் காற்றுக்குழாயால் மேலே ஏறி வரும். படிப்பை விட்டபிறகு பகலில் வீட்டில் இருப்பது நான் மட்டும்தான். அதனால் அந்த வீட்டில் நடந்ததை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே பார்த்திருக்கிறேன்.

இருவரும் மன்னார் ஆட்கள். அங்கிள் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை செய்தவர். அன்ரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கார்டெரியின், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தின், சமையலறையில் வேலை. அங்கே வருகிற பிள்ளைகளில் ஒருவர் பன்றி தின்னார், ஒருவர் மாடு தின்னார், ஒருவர் எதையுமே தின்னார். அதனால் பெரும்பாலான நாட்களில் இறைச்சி இல்லாத சாப்பாடுதான். பருப்பையும் கிழங்கையும் பிசைந்து உருட்டிப் பொரித்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் இன்னொன்று கேட்கும் என்று அன்ரி அங்கேதான் கண்டுபிடித்தார். இறைச்சி இல்லையென்பது வயிற்றுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும், பல்லுக்கு வேலை கொடுத்தால் போதும் என்பார்.

வீட்டில் அந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பில்லை. அங்கிளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேண்டும், அதன் மிச்சம் திங்கள் செவ்வாய்க்கும் வேண்டும். போன வருடத்துக்கு முந்தின வருட இலையுதிர் காலத்தில் அவருக்கு நெஞ்சுக்குள் அடைப்பு வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது டொக்ரர் சொன்னதை, பக்கத்து ஊரான லவாலில் இருக்கிற மகள் பிரியந்தி பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிச் சொன்னார்: இனி ஆடு, மாடு, கொழுப்பு எதுவும் கூடாது. அங்கிள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, அந்த டொக்ரர் பிள்ளை ஆட்டுக்கறியைக் கண்ணால்கூடக் கண்டிருக்காது என்றார். நத்தாருக்கு ஆடு, புதுவருடத்துக்கு ஆடு. இரண்டு நாளும் அன்ரி அழுதுகொண்டுதான் சமைத்தார்.

அதற்குப் பிறகுதான் போன வருடத் தபசு காலம் வந்தது.

டொக்ரருக்கு அடங்காத மனுசன் விபூதிப் புதனன்று ஒருவரும் சொல்லாமலே இறைச்சியை விட்டார். அவருடைய தகப்பன் வீட்டு வழக்கம் அது. சாம்பல் பூசின நாள் தொடங்கி உயிர்த்த ஞாயிறாகிய பாஸ்கு வரை மச்சம் இல்லை, மீன்கூட இல்லை. அன்ரிக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. இந்தக் காலம் முடிவதற்குள் அவருடைய நாக்கை மாற்றிவிட்டால், பாஸ்குக்குப் பிறகும் இறைச்சியைக் கேட்கமாட்டார். ஆள் தப்பிவிடும்.

அன்றிலிருந்து எங்கள் குளியலறையில் சவர்க்கார வாசமே இல்லாமல் போனது. தகரத்தில் வருகிற பிஞ்சுப் பலாக்காயை ஒட்டப் பிழிந்து, உப்பும் தூளும் பிரட்டி, ஓரம் சிவக்கப் பொரித்தெடுப்பார். வெங்காயத்தைக் கருகுவதற்கு ஒரு கணம் முன்வரை வதக்கி, பெருஞ்சீரகம், கறுவா, ரம்பை என்று ஆட்டுக்குப் போடுகிற சரக்கெல்லாம் போட்டு, பலாக்காயைத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவிய விடுவார். கடைசியில் வறுத்து இடித்த தேங்காய்ப்பூ. இன்னொரு நாள் புட்டுக்குக் காளான் பிரட்டல். மற்றொரு நாள் கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி. அங்கிள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். பிரியந்தி வந்து ஒரு வாய் எடுத்துவிட்டு, அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல் ஆட்டைப் போட்டுவிட்டீர்களோ என்று சட்டியைக் கிளறிப் பார்த்தார். அன்ரி அன்று சிரித்த மாதிரி நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து அங்கிள் கோயிலால் வந்தார். அன்ரி எங்களுக்கும் இடியப்பம் அவித்திருந்தார், அதை எடுக்க நான் கீழே போயிருந்தேன். அங்கிள் கோப்பைக்கு முன்னால் இருந்தார், கை வைக்கவில்லை.

“இஞ்சேர், இது தபசு காலமோ, கலியாண வீடோ?”

“ஏன், உறைப்புக் கூடிப்போச்சோ?”

“ஒண்டும் கூடேல்லை, ஒண்டும் குறையேல்லை. அதுதான் பிரச்சினை. அங்கை ஆண்டவர் மூண்டாந்தரம் விழுறார், நான் முழந்தாளிலை நிண்டுகொண்டு உன்ர பலாக்காயை நினைக்கிறன்.”

“நினைச்சால் என்ன? ஆட்டை நினைக்கேல்லைத்தானே.”

“ஒறுத்தல் எண்டால் அது வயித்துக்குத் தெரியவேணும். இப்பிடித் திண்டுபோட்டு நான் எதை ஒப்புக்குடுக்கிறது?”

அவர் கோப்பையைத் தள்ளிவிட்டு உப்புப் போட்ட கஞ்சி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதனால்தான் அன்ரியால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கஞ்சிதான். அன்ரி பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னார். சுவாமியும் அங்கிளைக் கூப்பிட்டு, ஒறுத்தல் வயிற்றில் மட்டும் இல்லை என்று விளக்கினார். அங்கிள் டொக்ரருக்குத் தலையாட்டின மாதிரியே சுவாமிக்கும் தலையாட்டினார். பிறகு அன்ரி ஒரு கடைசி முயற்சி செய்தார். பலாக்காயை வெறும் தண்ணீரில் அவித்து, தூளைக் குறைத்து, தேங்காய்ப்பாலே விடாமல் வைத்தார். இது ருசியில்லை, இதையாவது சாப்பிடுங்கோ, உடம்புக்குத் தெம்பு வேணும் என்றார். அங்கிள் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உன்ர கைக்கு ருசியில்லாமல் சமைக்கத் தெரியாது, யோசெப்பின்,” என்றார்.

அவ்வளவு வருடக் கலியாணத்தில் அவர் தன்னைப் புகழ்ந்த ஒரே தரம் அதுதானாம். அன்ரியே எனக்குச் சொன்னார்.

கஞ்சி குடிக்கக் குடிக்க அங்கிளின் கதை முழுக்கப் பாஸ்கைப் பற்றியதாக மாறியது. எந்தக் கடையில் நல்ல ஆடு வரும், எந்தத் துண்டு வேண்டும், நெஞ்சு எலும்பு எத்தனை பேருக்குக் காணும். பாஸ்குக்குப் பிறகும் இப்படியே இருப்போமே என்று அன்ரி கெஞ்சினார். தபசிலே சந்தோசப்படுகிறதும் பாவம், பெருநாளிலே சந்தோசப்படாமல் விடுகிறதும் பாவம் என்று அங்கிள் முடித்துவிட்டார்.

உயிர்த்த ஞாயிறன்று அன்ரி ஆட்டைத் தொடமாட்டேன் என்று நின்றார். அங்கிளே சமைத்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. இறைச்சி அவியவில்லை, தூள் பச்சையாய் மணத்தது. அப்படியிருந்தும், பட்டினி கிடந்த ஆள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டார். அந்தக் கிழமை முழுக்க அதைச் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிட்டார். மரங்களில் இலை துளிர்த்த நேரம் ஒரு காலையில் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் எழும்பவில்லை. பாரிசவாதம், வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

அந்தச் சாப்பாட்டால்தான் வந்தது என்று எந்த டொக்ரரும் சொல்லவில்லை. அது வருகிறதாகவே இருந்திருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். அன்ரிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. கார்டெரி வேலையை விட்டுவிட்டார். இப்போது வீட்டில் எல்லாவற்றையும் அரைக்கிறார். அங்கிளுக்குக் கட்டியாக எதையும் விழுங்கமுடியாது. பூசணி, பருப்பு, கீரை எல்லாம் குழந்தைச் சாப்பாடு போல ஆகிவிட்டது. பல்லுக்கு வேலையே இல்லை.

இந்த வருடம் விபூதிப் புதனன்று சுவாமி வீட்டுக்கே வந்து அங்கிளின் நெற்றியில் சாம்பல் பூசினார். காதருகே குனிந்து, நோயாளிகளுக்கு ஒறுத்தல் இல்லை, நல்லாய்ச் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அன்ரி பலாக்காய்க் கறியைப் பழையபடி எல்லாச் சரக்கும் போட்டு வைத்து, ஒரு பங்கை மெழுகாக அரைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் கஞ்சியும் இருந்தது.

கரண்டி கிட்ட வந்தது. அங்கிளுக்கு மணம் பிடிபட்டிருக்க வேண்டும், கண் கலங்கியது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அன்ரி மறுபடியும் கொண்டுபோனார். அவர் இடது கையைத் தூக்கி, கஞ்சிக் கோப்பையின் விளிம்பைத் தொட்டார்.

அன்ரி கஞ்சியைக் கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டார். பிறகு குசினிக்கு வந்து, சட்டியில் அரைக்காமல் இருந்த கறியை எனக்குப் போட்டுத் தந்தார். அது அவ்வளவு ருசியாக இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்னும் எனக்குப் பதில் தெரியாது. காற்றுக்குழாயால் இப்போது தாளிக்கிற வாசம் வருவதில்லை, அரைக்கிற சத்தம் மட்டும் வருகிறது. உங்களுக்குத் தெரிந்த வீடொன்றில் யாராவது ஒருவர் பாஸ்கைப் பார்த்து நாளைக் கடத்திக்கொண்டும், இன்னொருவர் அடுப்படியில் நின்று அவரை மறிக்கப் பார்த்துக்கொண்டும் இருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கோ. இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திவைத்துச் சொல்லுங்கோ.