முதல்ல சிரி, அப்புறம் சொல்லு

எங்கள் தெருவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். பேசத் தெரியாது, கத்தல்தான். மீன் இறங்கும் கொட்டகையில் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் விலை சொன்னால் கடலில் இருக்கும் படகுக்காரனுக்கும் கேட்கும். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் ஒருவன்தான், அவன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அவனைத் திட்டுகிற திட்டிலேயே அது தெரியும்.

அப்புறம் எங்கள் கரைக்கு அலையேறிகள் வந்தார்கள், பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறவர்கள். முதுகில் ஆள் உயர மூட்டை, காலில் செருப்பு கிடையாது, முகத்தில் கவலை என்பதே கிடையாது. கரையோரமாக ஊர் ஊராக இறங்கி, அலை நன்றாக இருக்கும்வரை இருந்து, அலுத்ததும் அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கும் விடுதிக்கு எதிரே மெஷின் போட்டு அவர்கள் துணியைத் துவைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். அவர்களுக்கு வேண்டியது நிம்மதி. அதை விற்கத் தெரிந்தவர் எங்கள் விடுதிக்காரர்.

அவர் பெரிய நகரத்தில் ஏதோ ஆபீசில் இருந்தவராம். கடிகாரத்துக்குப் பயந்து வாழ்ந்தது போதும் என்று எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவராம். வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்வார். விடுதியில் எந்தச் சுவரிலும் கடிகாரம் கிடையாது. சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் மட்டும் ஒன்று மாட்டியிருந்தார், வேலையாட்கள் தாமதமாக வந்தால் பிடிப்பதற்கு.

எக்ஸ்பிரஸின் புருஷன்தான் முதலில் அங்கே வேலைக்குப் போனவன். உடைந்த படகுகளை ஒட்டிப் பழகிய கை. உடைந்த அலைச்சறுக்குப் பலகைகளை ஒட்டித் தேய்த்துப் புதிதாக்கிவிடுவான். விடுதிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. கண்ணாடி நார்த் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்த பிறகு மெஷினால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் மாவு மாதிரி தூசி பறக்கும். அந்தச் சத்தமும் வாடையும் வெளியே மரங்களுக்கு நடுவே தூளிக்கட்டில் கட்டிப் படுத்திருப்பவர்களுக்கு இடைஞ்சலாம். தேய்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார் விடுதிக்காரர். அவன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாத்திய கொட்டகைக்குள் தேய்த்தான். முதலில் இருமல் வந்தது, அப்புறம் இழுப்பு. டாக்டர் வாயில் வைத்து அடிக்கிற பம்ப் ஒன்றைக் கொடுத்து, தூசி ஆகவே ஆகாது என்றார்.

மீன் கொட்டகை காபிக் கடையானதும் எக்ஸ்பிரஸும் விடுதிக்கே வேலைக்கு வந்தாள். அறை பெருக்க வேண்டும், ஈரத் துண்டுகளை அள்ள வேண்டும், இரண்டடுக்குக் கட்டில்களில் விரிப்பு மாற்ற வேண்டும். விடுதிக்காரர் அவளை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார்.

"இங்க யாரும் ஓடக் கூடாது. கத்தவே கூடாது. எதுவா இருந்தாலும் பக்கத்துல வா. முதல்ல சிரி, அப்புறம் சொல்லு."

"தீப்பிடிச்சாலுமாண்ணே?"

"தீப்பிடிச்சாலும்தான்."

அவளுக்கு அது லேசில் வரவில்லை. வந்த புதிதில் ஒருத்தன், பலகைக்கு அடியில் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு கீறி, காலில் ரத்தம் சொட்டச் சொட்ட முற்றத்துக்கு வந்தான். "ஐயோ, ரத்தம்!" என்று இவள் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இந்த விடுதியில் பதற்றம் அதிகம் என்று யாரோ இணையத்தில் எழுதிவிட்டார்கள். விடுதிக்காரர் அதைப் போனில் காட்டி, எல்லோர் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்தார். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் புருஷனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அவளைத் திட்டினால் போகட்டும், புருஷனை எதற்கு இழுக்க வேண்டும்? ஆனால் அதுதான் வேலை செய்தது. வாளிப் பிடியில் துணி சுற்றினாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். குரலைத் தொண்டைக்குள்ளேயே போட்டுப் பூட்டினாள்.

அப்புறம் ஒருநாள் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி நிஜமாகவே தீப்பிடித்துக்கொண்டது. அவள் மெதுவாக முற்றத்துக்கு நடந்து வந்து, விடுதிக்காரர் பக்கத்தில் நின்று, சிரித்துவிட்டு, "அண்ணே, அடுப்படியில லேசா தீ" என்றாள். ஜன்னல் திரை போனதோடு சரி, அணைத்துவிட்டார்கள். விடுதிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அதை நடித்துக் காட்டுவார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொல்வார்கள். அவளும் சொல்வாள். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அவள் சத்தம் அடங்கிப்போனது. "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா? நீ நாலு திட்டு திட்டாம எனக்குச் சோறே இறங்கல" என்பான் புருஷன். அவள் பதிலுக்குச் சிரிப்பாள். அவனுக்கு இழுப்பு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

விடுதிக்காரரிடம் அவள் கேட்காமல் இல்லை. "அண்ணே, தேய்க்கும்போது கதவ மட்டும் திறந்து வச்சுக்கட்டுமா? அவருக்கு ரொம்ப இழுக்குது." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார். அடுத்த வாரமும் கேட்டாள். அதே சிரிப்பு, அதே பதில். "சண்டை போட்டுக் கேளு. இப்படிக் கொஞ்சிக்கிட்டிருந்தா ஒண்ணும் நடக்காது" என்று சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சண்டை போட்டால் வேலை போகும், வேலை போனால் பம்புக்கு எங்கே போவது என்று அவள் பயந்தாள்.

அந்த நாள் காலையில் வேனில் ஒரு கூட்டம் அடுத்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அங்கே அலை பெரிதாக எழும்புகிறதாம். போகிறவர்களில் ஒருவனுடைய பலகை முனை உடைந்து பட்டறையில் கிடந்தது. புருஷன் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான். முடித்துப் பலகையை வெளியே கொடுத்துவிட்டு, கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். விரிப்பு காயப்போட வந்த எக்ஸ்பிரஸ் பார்த்தாள். பம்பை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதே தவிர, மூச்சு உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். கண்ணுக்கு முன்னால் இருந்த வண்டி அந்த வேன் ஒன்றுதான்.

நான் அப்போது துவைத்த துணி கொடுக்க வேறு விடுதிக்குப் போயிருந்தேன். நடந்ததெல்லாம் அப்புறம் சமையல்காரர் சொன்னது.

அவள் ஓடவில்லை. தூளிக்கட்டில்களுக்கு நடுவே, படுத்திருந்த யாரையும் இடிக்காமல் நடந்து போனாள். விடுதிக்காரர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ அலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று காத்து நின்றாள். அவர் திரும்பியதும் சிரித்தாள்.

"அண்ணே, அவருக்கு மூச்சு கொஞ்சம் சரியில்ல. வண்டி கிடைச்சா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"பம்ப் அடிச்சாரா?"

"அடிச்சாருண்ணே."

"சரி, இவங்கள விட்டுட்டு உடனே வந்துடறேன். பரவாயில்லையா?"

"பரவாயில்லண்ணே."

வேன் போய்விட்டது. பாதி வழியில் பாறை முனையில் நல்ல அலை தெரிந்ததாம். நிறுத்தச் சொன்னார்களாம். அவசரம் என்ன கிடக்கிறது? எல்லோரும் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். விடுதிக்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

இங்கே அவள் புருஷன் தலையை மார்பில் சாய்த்துக்கொண்டு, "வண்டி வருது, இந்தா வந்துடும்" என்று காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். தகரத்துக்கு அடுத்த பக்கம் ஆட்கள் தூங்குகிறார்கள் இல்லையா? அந்த வழியாகக் குளிக்கப் போன பெண் ஒருத்தி இவர்களைப் பார்த்து நின்றாள். புருஷன் பெண்டாட்டி பாசம் என்று நினைத்திருப்பாள் போல. நெஞ்சில் கை வைத்து உருகி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

குப்பை கொட்ட வந்த சமையல்காரர்தான் அவன் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்தார். அவர் போட்ட அலறலில் விடுதியே கூடியது. பக்கத்துக் கடைக்காரரின் பைக்கை வாங்கி, இவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் எக்ஸ்பிரஸ் கட்டிப் பிடித்துக்கொள்ள, ஓட்டிக்கொண்டு போனார்கள். நெடுஞ்சாலை ஏறுவதற்குள் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள்.

சாவு வீட்டுக்கு விடுதிக்காரர் வந்தபோது தலைமுடி ஈரமாகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? வேனை அங்கேயே திருப்பியிருப்பேனே! சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். பாவம், அவர் என்ன செய்வார் என்று பேச்சு கிளம்பியது. "எந்தக் கதவைச் சாத்திட்டு அவன் தேய்ச்சான்னு கேளுங்க" என்று நான் கத்தினேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

அவள் நாத்தனார் வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள். அவள் காதுக்கு அதற்குள் விஷயம் போயிருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அழுது ஓய்ந்துவிட்டு, நேராக எக்ஸ்பிரஸிடம் வந்தாள்.

"என் தம்பி உயிருக்குத் துடிக்கிறான், நீ சிரிச்சுக்கிட்டுப் போய் வண்டி கேட்டியாமே? நிஜமா?"

"ஆமா, அண்ணி."

"மீன் விக்கும்போது ஊரையே கூட்டுவியே. அவனுக்காக ஒரு கத்து கத்த முடியலையா உனக்கு?"

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

"மறந்துபோச்சு, அண்ணி."

நாத்தனார் எழுந்து போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். சுற்றி இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து அவளிடம் போனார்கள்.