ரீட்டாவுக்காக ஒரு துணைக் கேள்வி

வேலப்பன்சாவடிப் பேராசிரியரே, நீங்கள் ஒருநாள்கூட சட்டசபைக்குள் காலடி வைத்ததில்லை. அதை மறைத்துக்கொண்டு, இந்தப் பத்திரிகை வழியாக எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

மேஜையைத் தட்டுகிறார்கள், வெளிநடப்பு செய்கிறார்கள், கேன்டீனில் சாப்பிடுகிறார்கள்... கோட்டையை இழுத்துப் பூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாருக்கு நஷ்டம் என்று நான் சொல்கிறேன். எங்கள் காலனியில் இருக்கும் ரீட்டாவுக்கு நஷ்டம்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் காலனி. பாதிப் பேர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். நானும்தான். மீதிப் பேர் இன்னும் வேலையில் இருப்பவர்கள். ரீட்டாவின் அப்பா அந்த ரகம். திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி ஸ்டெல்லா, பக்கத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜெபம் செய்கிற பெண்மணி.

ரீட்டாவுக்குக் கல்யாணம் ஆனது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்குத் தொழிற்சாலை ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். வலி எடுத்தது. ஆட்டோவில் கொண்டு போனார்கள். கேட்டில் மெடிக்கல் கார்டு கேட்டார்கள். கார்டில் அவள் பெயர் இல்லை. கல்யாணமான மகளின் பெயரை எடுத்துவிடுவார்கள் — அதுதான் விதி. அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரி தேடிப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு நர்ஸ்... வேளாவேளைக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்த்து, முன்கூட்டியே எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? டெல்லிக்கு மனு எழுதினோம்!

சிரிக்காதீர்கள். முப்பது வருஷம் சென்ட்ரல் கவர்ன்மென்ட் சம்பளம் வாங்கினவன் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட டெல்லிக்குத்தான் எழுதுவான். மனுவை எழுதியது நான். டைப் அடித்தது நான். எங்கள் காலனி லேசுப்பட்டதில்லை என்று காட்ட வேண்டாமா? முதல் பாராவிலேயே பெருமையாக எழுதினேன் — 'எங்கள் பகுதிக்கு அருகில் ரயில் நிலையம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை மருத்துவமனை முதலான எல்லா வசதிகளும் உள்ளன.'

டெல்லி அந்த மனுவை மாநில அரசுக்குத் தள்ளியது. மாநில அரசு மாவட்டத்துக்குத் தள்ளியது. அத்தோடு சரி. வருஷம் ஓடியது. ரீட்டா மறுபடி உண்டானாள்.

ஆட்டோ ஸ்டாண்ட் முனுசாமிதான் என் மண்டையில் தட்டினான். அன்றைக்கு ரீட்டாவை ஏற்றிக்கொண்டு போனவன் அவன்.

"இன்னா சார், கோட்டை இங்க கீது. நீ டெல்லிக்கு எழுதிகினே கீறியே. எம்.எல்.ஏ. ஊட்டாண்ட நான் இட்டுகினு போறேன், வா."

போனேன். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். நான் ஓட்டுப் போடாத ஆள் அவர். உட்காரச் சொன்னார். முழுசாகக் கேட்டார். இது சபையில் கேட்க வேண்டிய விஷயம் என்று சொல்லி, என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். காபி வந்தது. நம்பிக்கை வரவில்லை.

கேள்வி பட்டியலில் வந்த அன்று எனக்கு ஒரு பாஸ் கொடுத்தார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போடாதே, பேசாதே என்று ஏகப்பட்ட சட்டம். கீழே என்ன நடந்தது தெரியுமா, பேராசிரியரே? ஒருவர் திருமழிசைப் பக்கத்து வாய்க்கால் பற்றிக் கேட்டார். ஒருவர் பள்ளிக்கூடத்துக் கூரை. ஒருவர் ரேஷன் கடைக்கு வருகிற மண்ணெண்ணெய். கேட்கிறார்கள், பதில் வருகிறது, விடாமல் மறுபடி கேட்கிறார்கள். இதைப் பார்க்க எந்தப் பத்திரிகையின் போட்டோக்காரனும் வர மாட்டான். மைக்கைப் பிடுங்கினால் வருவான்.

எங்கள் முறை வந்தது. அமைச்சர் எழுந்து, துறை எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

"அப்பகுதியில் மருத்துவமனை உள்ளிட்ட எல்லா வசதிகளும் இருப்பதாகக் குடியிருப்போரே தெரிவித்துள்ளதால், துணை சுகாதார நிலையம் அமைக்க வேண்டிய தேவை எழவில்லை."

என் வாக்கியம்! நான் டைப் அடித்த என் வாக்கியம்! அந்த மாடத்திலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

எங்கள் உறுப்பினர் பதறவில்லை. மெதுவாக எழுந்தார். அமைச்சர் சொன்ன பதிலை ஒட்டி மேற்கொண்டு கேட்கிற துணைக் கேள்வி.

"முந்தாநாள் அந்தப் பொண்ணையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு நானே அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போனேன். காவலர் மரியாதையாத்தான் பேசினார். கார்டுல பேர் இருந்தாத்தான் உள்ளே விடுவோம்னார். அது அவங்க தொழிலாளருக்குக் கட்டின ஆஸ்பத்திரி, அவர் மேல குத்தம் சொல்ல மாட்டேன். இந்தப் பதிலை எழுதினவர் அந்த கேட்டுக்குப் போனாரா? அதை மட்டும் அமைச்சர் சொல்லட்டும்."

போயிருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முனுசாமியின் ஆட்டோவில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்டெல்லாவும் முனுசாமியும்கூட என்னிடம் மூச்சு விடவில்லை.

அமைச்சர் அதிகாரிகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. படித்துவிட்டு அதைக் கீழே வைத்தார். உறுப்பினர் நேரில் பார்த்துச் சொல்வதால் அதை ஏற்பதாகவும், ஒரு மாதத்தில் நர்ஸ் ஒருவரை நியமிக்க ஆவன செய்வதாகவும் சொன்னார். வேறு கட்சி அமைச்சர்தான். சப்பைக்கட்டு கட்டவில்லை. அதற்காக அவருக்கும் ஒரு கும்பிடு.

ஒரு மாதம் போனது. நர்ஸ் வரவில்லை. ரீட்டாவுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"சார், அமைச்சர் சபையில 'செய்யறேன்'னு வாய் திறந்தா அது காத்துல போற பேச்சு இல்ல. எழுதி வெச்சிருக்காங்க. செஞ்சாச்சான்னு கேக்கவே ஒரு குழு இருக்கு. கேட்டுட்டுத்தான் விடுவாங்க."

நான் நம்பவில்லை. ஆனால் அப்படி ஒரு குழு நிஜமாகவே இருக்கிறது — உறுதிமொழிக் குழு. எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் உண்டு. சபையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகளைப் பொறுக்கியெடுத்து, துறையைக் கூப்பிட்டு, ஏன் செய்யவில்லை என்று கேட்பது அவர்கள் வேலை. எங்கள் விஷயத்திலும் கேட்டார்கள். ஆளும் கட்சி உறுப்பினர்தான் அதிகமாக வறுத்தெடுத்தாராம்.

ரீட்டாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது நர்ஸ் வந்து சேர்ந்தார். திலகவதி என்று பெயர். காலனியில் ஒரு வாடகை அறைதான் நிலையம். வந்த மறுநாளே ரீட்டாவின் வீங்கிய காலைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. நான் சீட்டு எழுதித் தர்றேன், கூடவும் வர்றேன்."

அழைத்துக்கொண்டு போனார். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். பெண் குழந்தை. ஸ்டெல்லாவின் ஜெபம் இப்போது ரெண்டு தெரு தள்ளிக் கேட்கிறது.

கதை முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் ஒரு வேன் வந்து நின்றது. அந்தக் குழுவினர். நர்ஸைப் போட்டுவிட்டோம் என்று துறை எழுதிக் கொடுத்த பதில் அவர்கள் கையில் இருந்தது. அதை நம்பாமல் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார்கள்! நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. சோடா கொடுத்தோம், குடிக்கவில்லை. திலகவதியின் பதிவேட்டைப் புரட்டினார்கள். வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிறாரா என்று ரீட்டாவிடம் கேட்டார்கள். குழந்தைகளை எடை போடத் தராசு இல்லை என்று திலகவதி சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

பேராசிரியரே, பூட்டச் சொன்னீர்களே, எதைப் பூட்டுவது? அந்த வேனையா?

கோட்டையிலிருந்து ஆவடிக்கு வந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்தது. 'தேவை எழவில்லை' என்று எழுதிய மாவட்ட அதிகாரியே, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? எங்கள் மனுவில் பெருமைக்காக எழுதிய ஒரு வரியை உருவி, எங்கள் வாயையே அடைத்தீர்கள். அந்த மனுவின் ரெண்டாவது பாராவில் செத்துப்போன குழந்தையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தீர்களா, இல்லையா?

முதல் பாராவை எழுதியது என் தப்பு. அதை இங்கே, எல்லோரும் பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டேன். ரெண்டாவது பாராவைத் தாண்டிப் போனது உங்கள் தப்பு. இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.