காவடிக்காரரின் நடை

எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காக, ஒரு காவடிக்காரர் திருத்தணி மலைப்படி ஏறுவதைக் கம்ப்யூட்டரில் அசையும் படமாகச் செய்திருந்தேன். கல்லூரிப் படிப்புக்காக அக்கா வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் அவர் பக்தியோடு நிதானமாகத்தான் ஏறினார். பள்ளியின் புதுக் கம்ப்யூட்டரில் போட்டதும் நாய் துரத்தியவர்போல் ஓடி, கோபுரத்தையும் தாண்டி வானத்துக்குப் போய்விட்டார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலையில் சிறப்பு விருந்தினர் வருவதற்குள் சரியாகாவிட்டால் அந்த மேசையை வேறொருத்தியின் எரிமலைக்குக் கொடுத்துவிடப் போவதாக டீச்சர் சொன்னார். அவருடைய போனிலேயே அக்காவைக் கூப்பிட்டு அழுதேன்.

அன்று அக்காவைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வருவதாக இருந்தது. ஆனாலும் வந்தாள். பட்டுப்புடவையும் தலைநிறைய மல்லிகையுமாக, சித்தப்பாவின் பைக்கில். உடனே திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம்.

நான் எழுதியிருந்த புரோகிராமைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள்.

"ஒவ்வொரு தடவ படம் வரையும்போதும் அவரை ஒரே அளவு நகத்திகினு இருக்கிற. இது புது மிஷினு, வேகமா வரையுது. அதான் ஓடறாரு. போன தடவ வரைஞ்சதுலேர்ந்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்து, அந்த நேரத்துக்குத் தக்கன நகத்தணும்டி."

சில வரிகளை மாற்றினாள். காவடிக்காரர் மனிதரைப்போல நடந்தார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் நடுவில் கொஞ்சம் திணறினால் அவர் சில படிகளைத் தாவிவிடுகிறார் என்று அதையும் சரிசெய்தாள். பிறகு, முழங்கால் வெட்டி வெட்டி மடங்குகிறது என்றாள். அதுவும் முடிந்த பிறகு, காவடியில் செருகிய மயிலிறகு காற்றில் ஆட வேண்டாமா என்றாள். வாசலில் நின்ற சித்தப்பாவுக்குப் போன்மேல் போன் வந்தபடி இருந்தது.

"அவங்கல்லாம் வந்துட்டாங்களாம்மா. உங்க நைனா கூப்டுகினே கீறாரு."

"ஆங், இதோ சித்தப்பா," என்றாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

விருந்தினர் என் மேசைமுன் வெகுநேரம் நின்று பார்த்தார். இருட்டிய பிறகு நாங்கள் வீடு சேர்ந்தபோது, வந்தவர்கள் காத்திருந்து, கேசரியைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா காலித் தட்டுகளை ணங்கென்று அடுக்கினாள். நைனா மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்டார். என்னால் ஒரு நல்ல வரன் போய்விட்டதே என்று எனக்குத் தாங்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு, ரொம்ப தேங்க்ஸ் அக்கா என்று தேம்பினேன்.

"நான்தான்டி உனக்குச் சொல்லணும்," என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அக்கா சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் ரயிலில் போய்வந்தாள். பின்னாளில் என்னையும் அதே கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்டவள் அவள்தான். இன்று எனக்குச் சோறு போடுவது இந்த வேலை. அன்று அவள் செய்ததற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். இருட்டும்வரை உட்காரத் தேவையே இல்லை. அப்போதோ, அவள் எனக்காக மட்டும்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பினேன்.