நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

மற்ற மருந்தாளுநர்களுக்கு ‘சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா’ என்று சொல்லிக்கொடுப்பது தொழில். எனக்கு மனிதர்களை வாய் மூடவைப்பது தொழில்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் போதை மீட்பு கிளினிக்கில் மருந்து கவுண்டர் என்னுடையது. வலி மாத்திரைக்கோ பவுடருக்கோ அடிமையாகிப்போனவர்களுக்குத் தினமும் காலையில் இங்கே ஒரு மாத்திரை கொடுப்போம். பெயர் பியூப்ரெனார்ஃபின். பெயர்தான் வாயில் நுழையாது, மாத்திரை வாயில்தான் இருக்க வேண்டும். அதை விழுங்கக்கூடாது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கரைகிற வரைக்கும், ஏறக்குறைய பத்து நிமிஷம், பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால் எச்சிலோடு மருந்தும் வயிற்றுக்குள் போய்விடும், அங்கே போனால் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. கரைந்து முடியும்வரை நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருவரைப் பத்து நிமிஷம் பேசாமல் உட்காரவைப்பது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் இருப்பார். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கஷ்டப்பட்ட பிறகு வாங்க

ஏழுமலையை முதலில் அழைத்து வந்தவள் அவர் மனைவி வசந்தி. அழைத்து வந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது; காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். வசந்தி பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். ஏழுமலை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் குடோனில் பண்டல் தூக்குபவர். முதுகுவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. கடைசியில் வசந்தியின் எலக்ட்ரானிக் தராசையே கொண்டுபோய் விற்றுவிட்டார். அன்றைக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள்தான். அவருக்குப் படுக்கை குடோனில். “மாத்திரய உட்டான்னா வூடு. இல்லாங்காட்டி குடோனு. இதான் யக்கா என் பேச்சு” என்று முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. பழைய மாத்திரை உடம்பில் மிச்சமிருக்கும்போது இதைக் கொடுத்தால், அதைப் பிடித்துத் தள்ளிவிட்டு இது உட்காரும், ஆள் துடித்துப்போவார். அதனால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப் பிரட்டல் எல்லாம் ஆரம்பித்த பிறகு வாருங்கள் என்போம். ஏழுமலை என்ன செய்தார்? புரட்டாசி பிறக்கப்போகிறதே என்று முதல் நாள் பிரியாணியை ஒரு பிடி பிடிப்பதுபோல, இன்றோடு சரி என்று குடோனிலேயே இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தார். டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் டாக்டர் சின்ன வயசுக்காரி, அதட்டவே தெரியாது. “இன்னிக்கு நல்லா இருக்கீங்க. நாளைக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்ட பிறகு வாங்க” என்றார். வசந்திக்கு வந்ததே கோபம். கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: “ஒடம்பு நாஸ்தியா கீதுன்னு சேத்துக்கற ஆஸ்பத்திரியதான் பாத்துகீறேன். நல்லா கீறான்னு தொரத்தி உட்ற ஆஸ்பத்திரிய இன்னிக்குதான் யக்கா பாக்கறேன்!”

ஜன்னலோர சீட்டு

மறுநாள் முறைப்படி கொட்டாவியோடும் ஒழுகுகிற மூக்கோடும் வந்தார். முதல் மாத்திரை கரைந்து கொஞ்ச நேரத்தில் முகத்தில் மனுஷக் களை திரும்பியது. அப்போதுதான் டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கினார். மூளையில் சில சீட்டுகள் இருக்கின்றன. வலியைக் குறைக்கவும் மனசை லேசாக்கவும் உடம்பு தானே சுரக்கிற சரக்கு வந்து உட்காருவதற்கான சீட்டுகள் அவை. வெளியிலிருந்து வந்த மாத்திரை அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் போட்டது. மூளையும் அதற்குப் பழகிவிட்டது. இனி அந்தச் சீட்டுகள் திடீரென்று காலியானால் உடம்பு முழுக்கக் கூப்பாடுதான். எங்கள் மருந்து துண்டு போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உட்காரும், ஆனால் ஆட்டம் போடாது. உடம்பு கூப்பாடு போடுவதை நிறுத்தும், ஆள் வேலைக்குப் போகலாம், வீட்டு நினைப்பு வரும், மூளையும் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

நான் இத்தனை வருஷமாக இந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஏழுமலை மாதிரி அதைத் திருப்பிச் சொன்னவர் இல்லை. “புர்ஞ்சிது டாக்டர். அது ஃபுட்போர்டுல தொங்கிக்கினு கானா பாட்ற பார்ட்டி. இது ஜன்னலாண்ட குந்திக்கினு கம்முனு வர்ற பார்ட்டி!”

வசந்தியின் நேரம்

ஆரம்பத்தில் தினமும் வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்பது எங்கள் விதி. திட்டிக்கொண்டேதான் வந்தாள் வசந்தி. மாத்திரையை வாயில் வைத்திருந்தவரிடம் ஒரு நாள், “ராத்திரி துன்னியா?” என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்கப் போனார். நான் “ம்ஹூம்!” என்று ஒரு உறுமல் உறுமினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். வசந்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புதையல் கிடைத்ததுபோல அவள் முகம் மலர்ந்தது.

அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிஷம் அவளுடையது. தராசு விற்ற கதை, தங்கச்சி கல்யாணப் பந்தியில் இவர் இலையிலேயே தூங்கி விழுந்த கதை, பொண்ணு பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னபோது தாய்மாமனைக் கூட்டிப்போன கதை என்று வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஏழுமலையால் புருவத்தைத் தூக்கலாம், தலையைக் குனியலாம், அவ்வளவுதான். பொண்ணு கதையன்றைக்கு அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும். கரைந்துவிட்டது என்று நான் கட்டைவிரலைக் காட்டியதும் அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வசந்தி கூடையைத் தூக்கிவிட்டாள்: “யாவாரத்துக்கு நேரமாவுது. பதில நாளிக்கி சொல்லு, மாத்திர வாய்ல வெச்சிக்கினு.”

காபியில் கலக்க ஒன்று

அந்தச் சமயத்தில் மயிலாப்பூர் மாமி ஒருத்தர் வந்தார். பட்டுப்புடவை, கையில் அர்ச்சனைக் கூடை. கபாலி கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து சாயங்காலமானால் பாட்டிலோடு மாடிக்குப் போய்விடுகிறாராம். “எங்காத்துல அவருக்குத் தெரியாம காபியில கலந்து குடுக்கற மாதிரி ஏதாவது மாத்திரை இருக்குன்னு சொல்றாளே, அது ரெண்டு குடுங்கோ” என்றார், ஏலக்காய் கேட்கிற மாதிரி.

நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். குடிக்கிற ஆசையைக் குறைக்கிற வேறு மருந்துகளும் இருக்கின்றன, மாமாவையே அழைத்து வாருங்கள் என்றேன். மாமி நம்பவே இல்லை. தெரியாமல் கொடுக்கக்கூடாது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. “கல்யாணம் ஆனதுலேர்ந்து காபியில நான் என்ன போடறேன்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்லையே!”

அது வேற

ஏழுமலையின் முதலாளி அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனசு, குரல் மட்டும் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். “பய இப்ப ஒழுங்கா வாரான், பண்டல் மேல படுத்து ஒறங்குததில்ல, அதெல்லாம் சரிதான். ஆனா இந்த மாத்திரைய எத்தன நாளைக்குத் திங்கணும்? ஒரு பழக்கத்த விட்டு இன்னொரு பழக்கத்தப் பிடிச்சா என்ன பிரயோசனம், சொல்லுங்க” என்றார்.

மாசக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்தினால் பழைய இடத்துக்கே போய் நிற்பார் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. என்னிடமே தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். “எத்தனை வருஷமாச் சாப்பிடறீங்க அண்ணாச்சி?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் டப்பாவைப் பார்த்தார், சுவரில் இருந்த டாக்டர் பெயர்ப் பலகையைப் பார்த்தார், டப்பாவை அவசரமாகப் பைக்குள் போட்டார். “அது வேற மேடம், அது டாக்டர் எழுதிக் குடுத்ததுலா!”

ஹவுஸ்ஃபுல்

ஒரு நாள் காலையில் ஏழுமலையும் வரவில்லை, வசந்தியும் வரவில்லை. கவுண்டருக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட நா எழாது. மறுநாள் தனியாக வந்தார், பயங்கரக் கோபத்தோடு. முந்தாநாள் பொண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனார். வசந்தி கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். நேராக சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் பழைய சிநேகிதனிடம் ஒரு அட்டை மாத்திரை வாங்கி, குடோனுக்கு வந்து, இரண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முழுக்கக் குடோனிலேயே காத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை. டூப்ளிகேட் மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று புகார் சொல்ல, வேறு எங்கும் போகாமல் என்னிடம் வந்திருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு அப்புறம்தான் வந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் நாலைப் போட்டிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்று கத்தினேன். டாக்டர் அவரை மத்தியானம் வரை கண்காணிப்பில் படுக்கவைத்து, மிச்ச அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். மாத்திரை ஒரிஜினல்தான், உங்கள் மூளையில் சீட்டு எதுவும் காலியில்லை, எங்கள் மருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினார். ஏழுமலை படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். “ஹவுஸ்ஃபுல்லுன்னு முன்னாடியே சொல்லிர்ந்தா நான் போயே இர்க்க மாட்டேன் மேடம்!”

பதில்

வசந்தியிடம் யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன் என்றேன். மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மாத்திரையைக் கையில் வாங்கியவர் வாயில் வைக்கவில்லை. “இன்னிக்கி மொதல்ல நான் பேசறேம்மே” என்று ஆரம்பித்து, கேக், கதவு, சிந்தாதிரிப்பேட்டை, எதையும் விடாமல் சொன்னார். அதற்குப் பிறகு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். வசந்தி அந்தப் பத்து நிமிஷமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான், குடோன்தான் இனி அவருக்கு நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்குக் கூடையோடு வந்து நின்றாள். வஞ்சிரம் விற்கிற விலையில் ஆரம்பித்து அவரைத் திட்டுவதில் முடித்தாள். வீட்டு ஆள் கூட வர வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது, விதிப்படி அவள் வரவே வேண்டியதில்லை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. நேற்று மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன். “அவன் நெசத்த சொல்லி ரொம்ப வருசமாச்சு யக்கா. அதுக்கு இன்னா பதில் சொல்றதுன்னே எனக்கு மறந்து பூட்ச்சி.”

பூட்டி வைக்க ஓர் ஆள்

சில மாதங்கள் ஒழுங்காகப் போயின. முதுகுக்கு வேலை வேண்டாம் என்று அண்ணாச்சி அவரை விலைச் சீட்டு ஒட்டுகிற பக்கம் மாற்றியிருந்தார். ஒரு காலை, மாத்திரை ஏழுமலையின் வாயில் கரைந்துகொண்டிருக்கும்போது டாக்டர் வெளியே வந்தார். “இனிமே தினமும் வர வேண்டாம். ஒரு வாரத்துக்கு மொத்தமா வீட்டுக்கே குடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா பூட்டி வெச்சு, தினம் ஒண்ணு எடுத்துக் குடுத்து, கரையற வரைக்கும் எதிர்ல உக்காந்து பாக்க வீட்டுல பொறுப்பான ஆள் வேணும். குடோனுக்குக் குடுத்தனுப்ப முடியாது” என்று வசந்தியைப் பார்த்துச் சொன்னார்.

ஏழுமலையால் ஒரு வார்த்தை கெஞ்ச முடியாது. கெஞ்சினால் மருந்து வீணாகும். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். நான் பேச நினைத்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு பஞ்சாயத்தே நடத்தியிருக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வசந்தி மணிக்கட்டில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாத்திரை கரைந்து முடிந்து, நான் கட்டைவிரலைக் காட்டிய பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார். வசந்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குள் என் பக்கம் நீட்டினாள். “குடு யக்கா. பத்து நிமிசம் எதுத்துப் பேசாம நான் சொல்றத கேக்கறதுக்கு அந்த வூட்ல வேற யாரு கீறா?”

பத்து நிமிஷம் எதிர்த்துப் பேசாமல் கேட்கிற கணவர் ஒரே ஒரு மாத்திரையில் கிடைப்பார் என்று தெரிந்தும், அதில் ஒன்றைக்கூட என் வீட்டுக்கு எடுத்துப்போகச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை.