மாமாவுக்குப் படைத்த கேக்

கேக் செய்கிற வீட்டில், மாவுக் கரண்டியை யார் நக்குவது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சண்டை போட்டார்கள். அதுவும் தீபாவளிக்கு முதல் நாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று அந்த வீட்டில் கோபப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை.

அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால், மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்திருந்தோம். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் இறந்தவர்களுக்குப் படைப்பது நம் ஆட்களின் வழக்கம், உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போது அவர்களுக்கு எது பிடிக்குமோ அதை வாழையிலையில் வைப்போம். தாத்தாவுக்கு ஆட்டிறைச்சியும் சுருட்டும். அந்த வருஷம் முதன்முறையாக மாமாவுக்கும் ஓர் இலை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் லாரியில் மோதி இறந்துபோனார். அதற்கு முந்திய தீபாவளிக்கு அவர் அம்மாவிடம் ஒன்று கேட்டிருந்தார். வேலையிடத்தில் யாரோ கொண்டுவந்த சாக்லேட் கேக்கில் பலாச்சுளையை நறுக்கிப் போட்டிருந்தார்களாம். அதே மாதிரி செய்துகொடு அக்கா என்று பின்னாலேயே திரிந்தார். முறுக்கு சுடவே நேரமில்லை, உனக்குக் கேக்கு கேட்குதா என்று அம்மா விரட்டிவிட்டார். இப்போது எப்படியாவது அந்தக் கேக்கை அவர் இலையில் வைத்துவிட வேண்டும் என்று நின்றார்.

அம்மாவுக்கோ கேக் செய்யத் தெரியாது. அப்பாவின் தங்கை, என் அத்தை, டவுனில் ஒரு கேக் கடையில் வேலை செய்தார். அவர்தான் தன் ஓவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது. உப்போ காரமோ எல்லாம் கண்ணளவுதான். இறந்தவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர் வாயில் படலாம். அதற்கு முன்னால் பட்டால் அது எச்சில். எனக்கு அங்கேயே கோபம் ஆரம்பித்துவிட்டது. பலாப்பழமும் சாக்லேட்டும் சேர்ந்து வீடு முழுக்க மணக்கிறது, தொடக் கூடாதாம். செத்தவங்களுக்கு எதுக்குக் கேக்கு என்று கேட்டு, அப்பாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

அத்தை மாவை அடித்து முடித்தார். கடைப் பழக்கம், விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். அம்மா பார்த்துவிட்டார்.

"எச்சில் பண்ணிட்டியே."

"நாக்குல வைக்காம எப்படி அண்ணி பார்க்கிறது? கடையில இப்படித்தான் லா செய்வோம்."

"கடையில செய். இது என் தம்பிக்கு."

அத்தை அதோடு விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "ஒரு விரல்தானே அண்ணி. அவரு என்ன, கோவிச்சுக்கிட்டு இலைய விட்டு எழுந்து போயிடவா போறாரு?" என்றார்.

அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், மாவு முழுவதையும் லோங்காங்கில் கொட்டினார். சாக்கடைத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகப் பலாத் துண்டுகள் மிதந்து போவதைப் பார்த்து நான் கத்தினேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அத்தை அழுதுகொண்டே கைப்பையை எடுத்தார். வேலை நாளில் லீவு போட்டு வந்ததற்கு நல்ல மரியாதை என்று வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார். ஓவனை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன், இப்போது சூடாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கையை விரட்டிவிட்டதாக அப்பாவுக்குக் கோபம். ஆனாலும் முட்டையும் கோக்கோத் தூளும் வாங்கச் சீனர் கடைக்கு அவர்தான் போனார், முணுமுணுத்துக்கொண்டே.

அம்மா தனியாக மறுபடி ஆரம்பித்தார். அத்தை செய்ததைப் பார்த்த ஞாபகம் மட்டும்தான். கரண்டி பாத்திரத்தில் மோதிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். யாரும் கிட்டே போகவில்லை.

சாயங்காலம் கேக் மாமாவின் இலைக்கு வந்தது. நடுவில் குழி, ஓரமெல்லாம் கருகல். சூடம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தி எல்லாரும் வெளியே நின்றோம். யாரும் பார்க்காதபோதுதான் இறந்தவர்கள் சாப்பிடுவார்களாம். மாமா எனக்கு மிச்சம் வைப்பாரா என்று கதவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. ஒரு துண்டை மாமாவின் இலையிலேயே விட்டுவிட்டு, மற்றதை அம்மா எங்களுக்குக் கொடுத்தார். வாயில் போட்டேன். கஷாயம் மாதிரி கசந்தது. கோபத்தில் அம்மா சீனி போட மறந்திருந்தார். ருசி பார்க்கக் கூடாதென்றால் யாருக்குத் தெரியும்? அப்பா மென்றார், அம்மாவைப் பார்த்தார், இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

கடைசியாக அம்மா சாப்பிட்டார். மெல்வது நின்றது. பிறகு இலையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்.

"அப்படி என்னடா அவசரம் உனக்கு? மழை விட்டு வந்தா ஆகாதா? யாருடா உன்னப் பறந்துக்கிட்டு வரச் சொன்னது?"

மாமா எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல உரக்கத் திட்டினார். கேக் கெட்டுப்போனதற்கு இவர் ஏன் பாவம் மாமாவைத் திட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சீனிதானே குறை? சமையலறைக்கு ஓடிப்போய் சீனி டின்னைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன்.

அம்மா டின்னைத் திறந்தார். கை நிறைய அள்ளி, மாமாவின் இலையில் இருந்த துண்டின்மேல் போட்டார். திட்டிக்கொண்டே மறுபடி அள்ளினார், மறுபடி போட்டார். கேக்கே தெரியாத அளவுக்கு வெள்ளையாக மூடிவிட்டது.

கொண்டுவந்தது நான். என் துண்டுக்கு ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. அந்தக் கோபத்தில், மறுநாள் காலையில் புதுச்சட்டை போடும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.